ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கட்டும் சமாதானப் பாடம்

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. கைதானவர்களில் அவருடைய பள்ளியிலேயே படித்தவர்களும் இருந்தார்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் பள்ளியில் முறையிட்டிருந்தார். அதற்குக் கிடைத்த பதில்தான் அந்த வெட்டு. தமிழ்நாட்டை உலுக்கிய இந்தச் சம்பவத்தையடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி அவர் முதலமைச்சரிடம் அளித்த அறிக்கை அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளங்களை நீக்குதல், வகுப்பில் அகரவரிசைப்படி இருக்கை, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருதல் எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளையை அறநெறிக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. வரவேற்க வேண்டிய பரிந்துரைதான். ஆனால், ஏன் ஆறாம் வகுப்பிலிருந்து என்ற கேள்வியை யாரும் போதிய அளவு எழுப்பவில்லை.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016இல் உத்தரவிட்டபோதும், குறிப்பிடப்பட்டவை ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளே. நல்லிணக்கம் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நம் பார்வை உயர்நிலைப் பள்ளிப் பக்கமே போகிறது. அரிவாளைத் தூக்கும் வயது அது என்பதால் ஆபத்து அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வயதுக்கு வரும் முன் அந்தப் பிள்ளை ஐந்து வருடம் ஒரு தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எழுத்தும் எண்ணும் கற்றது. சண்டை வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றைத்தான்: சண்டையைப் பேசித் தீர்ப்பது கற்றுத்தரக்கூடிய ஒரு திறன்; அதை ஒன்றாம் வகுப்பிலிருந்தே, வாய்ப்பாட்டைப் போலவே, நேரம் ஒதுக்கிப் பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும்.

இதைக் கீழ்பென்னாத்தூரை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் இந்தப் பேரூராட்சியும் அதைச் சுற்றிய நெல், மணிலா விளையும் கிராமங்களும் தமிழ்நாட்டின் எந்த வட்டத்தையும் போன்றவைதான். கலவரத்துக்குப் பேர்போன ஊர் இல்லை. மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக்கும், வகுப்பறையில் புதியதொன்றைச் சோதித்துப் பார்ப்பதற்கும் பொறுப்பான நிறுவனம் அது. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், பல தலைமுறைகளாகக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத தலித் மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட நிர்வாகத்தின் துணையோடும் காவல் துறையின் பாதுகாப்போடும் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். சட்டப்படி அவர்களுக்கு எப்போதோ உரியதாகிவிட்ட உரிமை அது. காவலர்கள் திரும்பிப் போன பிறகும் ஊர் ஒன்றாக வாழ வேண்டும். அந்த வாழ்க்கைக்கு ஆட்களைத் தயார்செய்யும் ஒரே பொது இடமாகப் பள்ளிக்கூடம் மிஞ்சியிருக்கிறது.

ஆறாம் வகுப்பு ஏன் தாமதம்?

சாதி உணர்வு எந்த வயதுக்குள் வேர்பிடித்துவிடுகிறது என்பதை ஓர் ஆய்வு காட்டுகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கக் கொடுத்தார்கள். யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது, மேல்சாதி எனப்படும் வகுப்பாரின் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களைத் தீர்த்தார்கள். பிள்ளைகளின் பெயரோடு சாதியையும் உரக்கச் சொன்ன பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. புதிரும் அதே, பிள்ளைகளின் அறிவும் அதே. நாலு பேர் முன்னால் தன் சாதி சொல்லப்பட்டதே அந்தச் சிறுவர்களின் கையைக் கட்டிப்போட்டது. அறநெறி வகுப்பைத் தொடங்கலாம் என்று நாம் நினைக்கும் அதே பதினொன்று, பன்னிரண்டு வயதில், தன் இடம் எது என்ற பாடத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்து முடித்துவிட்டார்கள். நாம் முதல் பாடம் என்று நினைத்துத் தொடங்குவது அவர்களுக்கு ஐந்து வருடம் பிந்திய பாடம்.

அந்த முந்திய பாடம் எப்படி நடக்கிறது என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அடுத்த சில நாட்களிலேயே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து உண்டு பேச வேண்டியிருந்தது. தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் இதே பிரச்சினை எழுந்தது. இதற்கு நூறு வருடம் முன்பு, வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனிப்பந்தி வைத்தது பெரும் போராட்டமாக வெடித்து, தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவிலிருந்து 1956இல் காமராஜர் கொண்டுவந்த திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, இன்றைய காலை உணவு வரை, ஒரே பந்தியில் உட்கார வைப்பதைப் பள்ளிக் கொள்கையாகவே இந்த மாநிலம் நடத்திவந்திருக்கிறது. பசியைப் போக்கியதில் அது பெரும் வெற்றி. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள், வீட்டில் சொல்லப்படும் விலக்கைப் பற்றி ஒருவரோடொருவர் பேச இன்னும் கற்றுத்தரப்படவில்லை.

எதைக் கற்றுத்தருவது?

சமாதானக் கல்வி என்றதும் பழைய நீதி போதனை வகுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆசிரியர் ஒரு கதை சொல்வார். கதையின் நீதியைப் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த வகுப்பு காணாமல் போனதற்கு வருந்த வேண்டியதில்லை. கரையில் நின்று விளக்கம் சொல்லி யாருக்கும் நீச்சல் வந்ததில்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ உருவாக்கியபோது, அமைதிக்கான கல்வி பற்றி ஆராயத் தனியாக ஒரு குழுவையே தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் அமைத்தது. அமைதியைத் தனியொரு பாடமாக ஒதுக்கிவைக்காமல், பள்ளி நடக்கும் விதம் முழுவதிலும் கலக்க வேண்டும் என்ற பார்வை அதில் இருந்தது. கருத்தளவில் அது சரியானதே. ஆனால், எல்லாப் பாடத்திலும் இருக்கிறது என்று சொல்லப்படுவது நடைமுறையில் எந்தப் பாடத்திலும் இல்லாமல் போகும். பயிற்சிக்கென்று ஒரு நேரம், அந்த நேரத்துக்கென்று ஒரு செய்முறை இரண்டும் வேண்டும்.

அந்தச் செய்முறை கடினமானதும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் பல பத்தாண்டுகளாகப் பள்ளிகளில் கற்பித்துவந்த முறையின் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: எனக்கு என்ன வேண்டும் என்பதை எதிராளியைத் திட்டாமல் சொல்வது, என் மனசில் என்ன இருக்கிறது, கோபமா பயமா அவமானமா என்று பெயரிட்டுச் சொல்வது, ஏன் அது வேண்டும் என்று காரணம் சொல்வது, எதிராளி சொன்னதைக் கேட்டு, அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்வது, இருவருக்கும் ஒத்துவரும் வழிகளை யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்து கைகொடுப்பது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது எட்டாத விஷயமா? நம் பிள்ளைகள் தாங்களாகவே 'காய்' விடுகிறார்கள், 'பழம்' விடுகிறார்கள். காய் விட்ட இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பிள்ளை தூது போய்ப் பழம் விட வைக்கிறது. நடுவர் என்ற பொறுப்பும், உறவை முறிப்பதற்கும் ஒட்டவைப்பதற்கும் ஊரறிந்த சைகைகளும் அந்த விளையாட்டிலேயே இருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது, அந்த நடுவில் விடுபட்டுப்போகிற பகுதியை, அதாவது ஏன் சண்டை வந்தது, இனி என்ன செய்வோம் என்ற பேச்சைக் கற்றுத்தருவதுதான்.

இன்றைய வகுப்பறை இதற்கு நேர்மாறான ஒன்றைப் பழக்குகிறது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்பு லீடர் கரும்பலகையில் பேசியவர் பெயர் எழுதுகிறார். சண்டை வந்தால் 'மிஸ்ஸிடம் சொல்லிவிடுவேன்' என்பதே முதல் வாசகமாகவும் கடைசி வாசகமாகவும் இருக்கிறது. மிஸ் வந்து யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறார். தண்டனையோடு விவகாரம் முடிகிறது. அந்தத் தண்டனை பெரும்பாலும் அடியாக இருந்துவந்திருக்கிறது. மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர், அதாவது மூவரில் இருவர், பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தது. பலம் உள்ளவர் அடித்தால் பிரச்சினை தீரும் என்பதைச் செயலில் காட்டும் பள்ளியில், பேசித் தீர்க்கலாம் என்ற பாடம் வாயளவில் நின்றுவிடும். பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியருக்கு அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பதும் உண்மை. இந்தப் பயிற்சி முதலில் அவருக்குத்தான் கைகொடுக்கும்.

பலன் உண்டா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல, வென்ற கதைகளோடு தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். 2011இல் ஜோசப் டர்லாக் தலைமையிலான ஆய்வாளர்கள், உணர்வையும் சமூகத் திறனையும் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாக எடை போட்டார்கள். இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள் அவற்றில் இருந்தார்கள். திட்டத்தில் பங்கேற்ற பிள்ளைகளின் நடத்தை மேம்பட்டது. படிப்பிலும் அவர்கள் மற்றவர்களைவிட 11 நூற்றுமான இடங்கள் முன்னே நின்றார்கள். ஆனால், அதற்கு முந்திய ஆண்டு, 2010இல், அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 84 தொடக்கப் பள்ளிகளில் ஏழு வெவ்வேறு திட்டங்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை, சராசரியாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை என்றது. இரண்டு முடிவுகளையும் சேர்த்து வைத்தால் ஒன்று புரிகிறது: திட்டம் என்ற பெயர் எதையும் செய்துவிடாது, வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது நியூயார்க் அனுபவம். அந்த நகரத்துப் பொதுப் பள்ளிகளில் 1985இல் தொடங்கிய சண்டைத் தீர்வுக் கல்வித் திட்டத்தை, 1990களில் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் லாரன்ஸ் ஏபர் குழுவினர் ஆராய்ந்தார்கள். எந்த ஆசிரியர் வருடம் முழுக்க நிறையப் பாடங்களை நடத்தினாரோ, அவர் வகுப்புப் பிள்ளைகளிடம் வயதோடு வளரும் மூர்க்கம் மெதுவாகவே வளர்ந்தது. பயிற்சியை மட்டும் நிறையப் பெற்று, வகுப்பில் பாடத்தைக் குறைவாக நடத்திய ஆசிரியர்களின் பிள்ளைகளிடம் அந்தப் பலன் இல்லை. நிலைமை மோசமாகவே போனது. வன்முறை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் பலன் குறைந்தே தெரிந்தது என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி எச்சரிக்கை இருக்கிறது. இரண்டு நாள் பயிற்சி, கையேடு விநியோகம், குழுப் புகைப்படம், அறிக்கை என்று முடியும் திட்டத்தால் பயனில்லை என்பதோடு கேடும் வரலாம். வாரந்தோறும் நடக்கும் வகுப்பே பலன் தரும்.

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். அதில் நியாயமும் இருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அந்த இருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும், காலை உணவைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று கொரோனாவுக்குப் பிறகு 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தையே அரசு தொடங்க வேண்டியிருந்தபோது, சமாதானத்துக்கு ஏது நேரம்? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது அதே சட்டம். வாரம் 40 நிமிடம் ஒதுக்கினால் ஆண்டுக்கு 27 மணி நேரம்கூட ஆகாது. நூற்றில் மூன்றரைப் பங்குக்கும் குறைவு. புகாரைக் கேட்டு, விசாரித்து, தீர்ப்புச் சொல்லி ஓர் ஆசிரியர் இன்று இழக்கும் நேரத்தில் ஒரு பகுதி மிச்சமானாலே இந்தக் கடன் அடைந்துவிடும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைக்கும் பழக்கம் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. குழுவாக உட்கார்ந்தவர்கள் ஒருவர் பேச மற்றவர் கேட்பதைப் பழகினால் வாசிப்பும் வளரும்.

இரண்டாவது மறுப்பு: பள்ளி என்ன செய்தாலும், மாலையில் பிள்ளை வீட்டுக்கும் தெருவுக்கும்தானே திரும்பிப் போகிறது, ஊரைத் திருத்தாமல் பிள்ளையைத் திருத்த முடியுமா? குழந்தைகள் சண்டை அன்றே மறந்துபோகும், அதற்கெல்லாம் பாடம் எதற்கு என்பாரும் உண்டு. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சக மாணவரை வகுப்பறைக்குள்ளேயே அரிவாளால் வெட்டினார். தடுத்த ஆசிரியையும் காயப்பட்டார். ஒரு பென்சிலில் தொடங்கிய தகராறு என்பதே அப்போது வெளிவந்த செய்தி. மறந்துபோகாத சண்டைகளும் உண்டு. எது மறந்துபோகும், எது உள்ளே புகையும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. வீட்டின் பிடியை மீறிப் பள்ளி எதையும் மாற்ற முடியாது என்பதற்கு ஹரியானா மறுமொழி தருகிறது. ஆண்-பெண் பாகுபாடு ஆழமாக வேரோடிய அந்த மாநிலத்தில், 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் இரண்டரை வருடம், சில வாரங்களுக்கு ஒருமுறை, சமத்துவம் பற்றிய கலந்துரையாடல் வகுப்புகளை நடத்தினார்கள். பிள்ளைகளின் எண்ணம் மாறியது. வகுப்புகள் முடிந்து இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. வீடும் தெருவும் அதே ஹரியானா வீடும் தெருவும்தான். பள்ளியால் ஊரை ஒரே நாளில் மாற்ற முடியாது; ஊர் சொல்வது மட்டுமே உண்மை இல்லை என்று பிள்ளைக்குக் காட்ட முடியும்.

மூன்றாவது மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. சமாதானம் என்ற பெயரில், அடிபட்டவனைப் பொறுத்துப்போகச் சொல்வதுதானே நம் ஊர் வழக்கம்? பள்ளியில் கோணிப்பையைத் தானே கொண்டுபோய் அதன்மேல் தனியாக உட்கார்ந்து, பியூன் தண்ணீர் ஊற்றாத நாளில் தாகத்தோடு இருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவனிடம் போய், சக மாணவர்களோடு பேசித் தீர்த்துக்கொள் என்று யார் சொல்ல முடியும்? இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகும் சமாதானக் கல்வி எதற்கும் மரியாதை இல்லை. எனவே, பாடத்தின் முதல் பகுதியே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிவதாக இருக்க வேண்டும். சமமான இருவருக்குள் வருவது தகராறு. அதைப் பேசித் தீர்க்கலாம். பலசாலி எளியவரை இழிவுபடுத்துவது கொடுமை. அதை நிறுத்த வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், சொல்பவரைப் பாதுகாக்க வேண்டும். சாதி சொல்லித் திட்டியவனுக்கும் திட்டு வாங்கியவனுக்கும் நடுவே சமரசம் பேசுவது பள்ளியின் வேலை ஆகாது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் எதற்காக இருக்கின்றன என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாங்குநேரி மாணவர் முறையிட்டது சரியான செயல். முறையீட்டைக் காதுகொடுத்துக் கேட்டு அவரைக் காக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் போனது.

நீதியோடு சேர்ந்த சமாதானத்துக்குப் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருப்பதும் அவசியம். இலங்கை அரசு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றை வகுத்தது. ஆனால், அங்கே தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் மொழிவழியே பிரிந்த தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பக்கத்தில் இல்லாதவரோடு சமாதானம் பழகுவது கடினம். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற ஆய்வாளர் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகளை வைத்து நடத்திய ஆய்வில், வெவ்வேறு சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு வளர்ந்தது. எதிரணிகளில் மோதியபோது அது குறைந்தது. சேர்ந்து வேலை செய்யவைக்கும் வகுப்பறைக்கும் ரேங்க் போட்டு மோதவிடும் வகுப்பறைக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. நம் கிராமங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மஞ்சள் நிற வேன் டவுன் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறது. பல ஊர்களின் அரசுத் தொடக்கப் பள்ளியில் எளியவர் பிள்ளைகளே மிஞ்சுகிறார்கள். அதனால் இந்தப் பாடம் அரசுப் பள்ளிக்கு மட்டும் உரியதாக ஆகிவிடக் கூடாது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை.

கீழ்பென்னாத்தூரில் தொடங்கலாம்

சென்னையிலிருந்து ஓர் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் வட்டார வள மையமும் சேர்ந்து, இந்த ஒன்றியத்தின் சில தொடக்கப் பள்ளிகளில் ஒரு வருடம் வாரம் ஒரு பாடவேளை நடத்திப் பார்க்கலாம். பாடம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் சண்டைகளிலிருந்தே வர வேண்டும்: பம்பரம் யாருடையது, ரன் அவுட்டா இல்லையா, குழாயடியில் யார் முதலில், பட்டப்பெயர் வைத்தது யார், ஏன் அவளைக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் பெயர் எழுதும் லீடருக்குப் பதிலாக, முறைவைத்து எல்லாப் பிள்ளைகளும் நடுவராக இருந்து பழகலாம். ஆணும் பெண்ணும், நன்றாகப் படிப்பவரும் படிக்கத் தடுமாறுபவரும். ஆசிரியர் பயிற்றுநர் மாதம் ஒருமுறை வகுப்பில் வந்து உட்கார வேண்டும். பயிற்சியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் சொல்லிவிட்டது. வருட முடிவில் இந்தப் பள்ளிகளையும், பாடம் நடக்காத பக்கத்துப் பள்ளிகளையும் ஒப்பிட்டு, பலன் இருந்தால் இருந்தது என்றும் இல்லாவிட்டால் இல்லை என்றும் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ கணினியோ தேவையில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், பிள்ளைகள் எப்படிச் சண்டை போடுகிறார்கள், எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்பதும் ஒரு பொருளாக வர வேண்டும். பள்ளியில் பிள்ளை கேட்டுவந்த கேள்வியை வீட்டில் அதட்டி அடக்காமல் இருக்கப் பெற்றோருக்கும் அந்தப் பேச்சு உதவும். சந்துரு அறிக்கையின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்போது, ஆறாம் வகுப்பு என்றிருப்பதை ஒன்றாம் வகுப்பு என்று அரசு திருத்திக்கொள்ளட்டும். கயிற்றை அவிழ்ப்பதோடு நிற்காமல், பேசவும் கேட்கவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரட்டும். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்: எங்கள் பள்ளிக்கு வாரம் ஒரு பாடவேளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து.